மதுரையின் 9 மீட்டர்

மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்தைச் சுற்றி 1 கிலோமீட்டர் தூரத்துக்குள் எழும்பும் கட்டடம் எதுவாயினும் அது 9 மீட்டருக்கு மேல் உயரலாகாது என்று 1997ஆம் ஆண்டில் அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. 9 மீட்டர் என்பது சற்றேறக்குறைய 30 அடி. தரைத்தளத்தின் மேல் இரண்டு மாடி எடுத்த மாத்திரத்தில் அளவு தீர்ந்துவிடும். நிலத்தின் விலை உச்சத்தில் இருக்கிற நகரத்தின் நடுமத்தியில், வியாபாரம் வருஷத்துக்கு வருஷம் பெருகிக்கொண்டிருக்கிற கடைவீதிகளில், இத்தகைய கட்டுப்பாடு எதற்காக, அது நியாயந்தானா, அதனால் நஷ்டமடைகிறவர்களுக்குப் பரிகாரம் என்ன என்ற கேள்விகளைப் பக்தியின் பெயரால் ஒதுக்கிவிடவும் முடியாது. முன்னேற்றத்தின் பெயரால் அந்த ஆணையைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது.

முதலில் அந்த 30 அடியின் கணக்கைப் பார்ப்போம். ஆலயத்தின் கோபுரங்களுள் மிக உயர்ந்ததாகிய தெற்குக் கோபுரம் ஏறத்தாழ 160 அடி உயரமுடையது. 40 அடி அகலமுள்ள ஒரு தெருவின் ஓரத்தில் நின்றுகொண்டு, எதிர்ச்சாரிக் கட்டடத்தின் தலைக்கு மேலாக ஒருவர் பார்க்கிறார், அவருடைய கண் தரையிலிருந்து 5 அடி உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிர்க் கட்டடம் 30 அடியோடு நின்றால், கோபுரம் அவரிடமிருந்து சுமார் 250 அடி தூரத்தில் இருந்தாலும் அதன் உச்சி கண்ணில் படும். அதே கட்டடம் 60 அடியாகிவிட்டால், 110 அடிக்குச் சற்று அப்பால் இருக்கிற கோபுரம்கூட முழுவதும் மறைந்துபோகும். மாசி வீதியிலும் வெளி வீதியிலும் நிற்கிறவர்களுக்கு இவ்வளவுகூடக் கிடைப்பதில்லை. அவர்கள் கோபுரத்தைக் காண்பதெல்லாம் சந்து முனைகளிலும் தத்தம் மொட்டை மாடிகளிலுந்தான். மொட்டை மாடிகள் யாவும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்கும்வரையில் ஒவ்வொன்றிலிருந்தும் நான்கு ராஜகோபுரங்களும் தெரியும். ஒருவர் மட்டும் இன்னும் நாலு மாடி ஏற்றிவிட்டால் அவருக்கு அந்தக் காட்சி மேலும் விசாலமாகிறது, அவருக்குப் பின்னால் இருக்கிற பத்து வீட்டுக்காரர்களுக்கோ அடியோடு போய்விடுகிறது. காலஞ்சென்றவர்கள் கட்டிவைத்த ஒரு பொதுச் சம்பத்தை ஒருவர் தம் செங்கல்லாலும் சிமெண்டாலும் தமக்கே உரியதாக்கிக்கொள்ளலாமா என்பதே இந்த விவகாரத்தின் சாரம் என்று நான் கருதுகிறேன்.

நகரம் இவ்விதம் அமைந்தது தற்செயலாக நேர்ந்ததன்று. ஆலயத்தை நடுவே வைத்து, மதிலுக்கு உள்ளே ஆடி வீதியும் வெளியே சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று ஒன்றைச் சுற்றி ஒன்றாகவும் சதுரம் சதுரமாக விரிகிற அமைப்பு, நாயக்க மன்னர்கள் காலத்தில் ஒழுங்கு பெற்றது. பின்னர் 1840களில், கலெக்டராயிருந்த பிளாக்பர்ன் என்பவர் பழைய கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தார். அவ்வேலைக்கு முன்வந்தவர்களுக்கு அவ்வாறு கிடைத்த நிலத்தையே மனையாகக் கொடுத்தார். அகழி இருந்த வரம்பில் உண்டானவை இன்றைய வெளி வீதிகள். ஆகவே ஊரின் மையம் எவ்வளவு விஸ்தீரணம் என்பது அன்றே நிச்சயமாகிவிட்டது. தெற்கு ஆவணி மூல வீதியின் நகைக்கடைகளும், டவுன்ஹால் ரோட்டின் லாட்ஜுகளும், மாசி வீதிகளின் ஜவுளிக் கடைகளும் மொத்த வியாபாரமும் அந்தச் சதுரத்துக்குள்ளேயே இடம் தேடிக்கொள்ள வேண்டியிருக்கின்றன. மேலே போக வழி இல்லை. பக்கத்தில் போக இடம் இல்லை.

அங்கே ஒரு பழைய மனையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் இந்த நிர்ப்பந்தம் நன்கு விளங்கும். தெருவைத் தொட்ட முகப்பு ஒரு கடையின் அகலத்துக்கு மேல் இராது. உட்புறமோ ரயில் பெட்டியைப்போல் நீண்டு அடுத்த தெருவின் புழக்கடை வரை போகும். இரண்டு பக்கத்துச் சுவர்களும் அண்டை வீட்டுக்காரருக்கும் பொதுவானவை. பக்கவாட்டில் இடைவெளி விடுவதென்றால் கடையே மிஞ்சாது. தகப்பனார் கடையாகவும் வீடாகவும் வைத்திருந்த அந்த மனை மூன்று பிள்ளைகளுக்குப் பாகமாகிறபோது, கீழே கடையை விட்டுக் கொடுக்க ஒருவரும் சம்மதிப்பதில்லை. மேலே இன்னொரு தளம் எடுப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு உபாயம் தோன்றுவதில்லை. வரைபடத்தில் இரண்டு மாடி காட்டி அனுமதி பெறுகிறார்கள். பிறகு மூன்றாவது மாடி எழும்புகிறது. அதற்கு மேல் இரும்புச் சட்டம் நாட்டித் தகரக் கொட்டகை போடுகிறார்கள். சரக்கு வைக்கவென்று போட்ட கொட்டகை சில வருஷங்களில் சுவர் வைத்த அறையாகிறது. இதில் ஆசை உண்டு என்பது மெய். ஆனால் எல்லாமே ஆசையன்று, குடும்பத்தின் அவசியமும் கலந்திருக்கிறது.

கோபுரம் தெரிவது ஒன்றே உயர வரம்புக்குக் காரணமென்று எண்ணலாகாது. கட்டடத்தின் உயரத்தோடு தண்ணீரும், சாக்கடையும், மின்சாரமும், வாகனங்கள் நிற்பதற்கான இடமும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தீயும் சம்பந்தப்பட்டவை. 2017 மே மாத இறுதியில் சென்னைத் தியாகராயநகரில் பல மாடிகள் கொண்ட ஒரு ஜவுளிக்கடையில் பற்றிய தீ, ஒரு பகல் கடந்தும் அணையாமல் எரிந்து கட்டடத்தையே சரித்தது. மிச்சத்தை இடித்து அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. மதுரையின் சந்துகளில் பலவற்றில் தீயணைப்பு வண்டி திரும்பக்கூட இடமில்லை.

இதனால்தான் நம் மாநிலத்தின் 2019ஆம் ஆண்டுக் கட்டட விதிகள் உயரத்தைத் தெருவின் அகலத்தோடு பிணைத்திருக்கின்றன. 18.30 மீட்டர் வரையில் உள்ளவை சாதாரணக் கட்டடங்கள். அதற்கு மேற்பட்டவை உயரமான கட்டடங்கள். இவற்றோடு கூடவே தளப்பரப்புக் குறியீடு என்ற மற்றோர் அளவும் உண்டு; கட்டடக்காரர்கள் எஃப்.எஸ்.ஐ. என்று நாள்தோறும் சொல்வது இதைத்தான். 5 சென்ட் மனையின் பரப்பு 2,178 சதுர அடி. குறியீடு 2 என்றால் எல்லாத் தளங்களையும் கூட்டி அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது 4,356 சதுர அடி கட்டலாம். சாதாரணக் கட்டடத்துக்குக் குறியீடு 2. 18 மீட்டர் அகலமான சாலையை ஒட்டிய உயரமான கட்டடத்துக்கு 3.25. கட்டணம் செலுத்தினால் சாலையின் அகலத்துக்கேற்பக் கூடுதலாகவும் பெறலாம். ஆலயத்தைச் சுற்றியுள்ள மனைக்காரருக்கோ, குறியீடு எவ்வளவு இருந்தாலும், 9 மீட்டருக்கு மேல் அதைப் பயன்படுத்த வகையில்லை.

பிற தேசங்களிலும் இந்தச் சர்ச்சை பழையது. அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் 1894இல் கெய்ரோ என்ற பெயரோடு 164 அடி உயரக் கட்டடம் ஒன்று எழும்பியதைக் கண்டு ஜனங்கள் அஞ்சியதன் பலனாக, 1899இலும் 1910இலும் சட்டங்கள் பிறந்தன. தெருவின் அகலத்தோடு 20 அடியைக் கூட்டினால் வருகிற அளவே அங்கே கட்டடத்தின் உயரம், கடைவீதிகளிலும் 130 அடிக்கு மேற்படாது, ஒரு வீதியின் ஒரு பகுதிக்கு மட்டும் 160 அடி. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அந்த வரம்பு நிற்கிறது. பிலடெல்பியாவில் சட்டமே கிடையாது; நகர மண்டபத்தின் உச்சியில் நிற்கும் வில்லியம் பென் சிலையின் தொப்பிக்கு மேல் யாரும் கட்டுவதில்லை என்ற மரியாதை ஒன்றே காவலாயிருந்தது. 548 அடியில் நின்ற அந்த மரியாதை, 1987இல் 945 அடிக் கட்டடம் ஒன்று எழும்பியபோது முறிந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக எல்லோரும் எழும்பினார்கள். பாரிஸ் நகரத்தார் 1973இல் மோன்பர்னாஸ் கோபுரத்தை ஏறத்தாழ 210 மீட்டர் வரை உயர்த்திவிட்டு, அதனால் உண்டான மனக்கசப்பில் 1977இல் நகரின் பெரும்பகுதிக்கு 37 மீட்டர் வரம்பு வைத்தார்கள். அங்கே வியாபாரம் நசித்துவிடவில்லை. நகர எல்லைக்கு அப்பால் லா டெஃபான்ஸ் என்ற இடத்தில் உயர்ந்த கட்டடங்களுக்கென்றே 1958 முதல் தனிப் பிராந்தியம் வளர்ந்துகொண்டிருந்தது.

மதுரைக்கும் அந்த மார்க்கம் திறந்திருக்கிறது. பேருந்து நிலையம் மாட்டுத்தாவணிக்குப் போனது. உயர்நீதிமன்றக் கிளை 2004இல் மேலூர்ச் சாலையில் அமைந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளும் துணிக்கடைகளும் அண்ணாநகர், கே.கே. நகர், பைபாஸ் சாலைப் பக்கங்களில் பெருகுகின்றன. உயர்ந்து கட்ட விரும்புகிறவர்களுக்கு அகலமான சாலைகள் அங்கே உண்டு.

ஆனால் நம்மிடம் ஒரு பெருங்குறை இருக்கிறது: வரம்பை மீறியவர்களை நாமே மன்னித்து வந்திருக்கிறோம். 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 1998இல் 113-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, மீறிக் கட்டியவர்கள் பணம் செலுத்தி வரன்முறை செய்துகொள்ளலாம் என்றார்கள். ஒரு முறைக்கென்று சொல்லப்பட்டது. பிறகு காலக்கெடு மீண்டும் மீண்டும் நீண்டது. 2006இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளிக்க நேர்ந்தது. விதிக்குப் பணிந்து இரண்டு மாடியோடு நிறுத்திக்கொண்டவர், எதிர்ச்சாரியில் ஐந்து மாடி வாடகை வாங்குகிறவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால், அவருடைய நேர்மைக்கு நாம் அபராதம் விதிக்கிறோம் என்றே அர்த்தம். ஆலயத்தைச் சுற்றிய மீறல்களைப் பற்றி மதுரைக் கிளையில் வழக்குகள் வந்த வண்ணமிருக்கின்றன; அந்த நிலைமை நீடிப்பது வெட்கத்துக்குரியது.

அதோடு, பணிந்தவருக்கு நாம் ஒரு கடனும் பட்டிருக்கிறோம். ஊர் முழுவதும் அனுபவிக்கிற கோபுரக் காட்சிக்காகத் தம் ஆகாயத்தை விட்டுக்கொடுத்தவர் அவர். நியூயார்க்கில் கிராண்ட் சென்ட்ரல் என்ற புராதன ரயில் நிலையத்தின் தலைமேல் ஐம்பது மாடிக்கு மேற்பட்ட கட்டடம் எழுப்ப முயன்ற ரயில்வே கம்பெனியை அந்நகரம் தடுத்தது. 1978இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. கட்ட முடியாமற்போன பரப்பை அருகிலுள்ள வேறு மனைகளுக்கு மாற்றிக்கொள்ள அக்கம்பெனிக்கு உரிமை அளிக்கப்பட்டிருந்ததையும் நீதிபதிகள் கருத்தில் கொண்டார்கள். அத்தகைய வளர்ச்சி உரிமை மாற்றம் நம் மாநில விதிகளிலும் உண்டு. சாலை விரிவு முதலிய பொதுக்காரியங்களுக்கு நிலம் கொடுத்தவர்கள் ஒரு பத்திரம் பெற்று, அதை வேறிடத்தில் கட்டுகிறவருக்கு விற்கலாம். அந்த முறையை மதுரையின் 1 கிலோமீட்டர் வட்டத்துக்கு விசாலப்படுத்தி, 9 மீட்டருக்குள் நிற்கிற ஒவ்வொரு கட்டடத்தையும் மாநகராட்சி அளந்து பதிவு செய்து, அவற்றின் சொந்தக்காரர்களுக்கு மட்டும் பத்திரம் வழங்கி, 18 மீட்டருக்குக் குறையாத வெளிச்சாலைகளில் மட்டும் அது செல்லும்படி செய்ய வேண்டும். தகரக் கொட்டகையைத் தாமாகவே இறக்கிவிட்டு வந்தவருக்கும், ஒரு காலக்கெடு வைத்து, அதே பத்திரத்தைக் கொடுக்கலாம்.