விற்கும் வீட்டிற்கு வெள்ளையடிக்குமுன்

ஐப்பசி மழைநாளொன்றில், திண்டுக்கல்லில் ஒரு குடும்பம் புதிதாய் வாங்கிய வீட்டை மந்திரிக்கச் சென்றோம். புதுவண்ணத்தின் ஊடே சுவரில் உப்புப் பூத்திருந்தது. அவ்வீட்டை விற்றவரும் நம் பங்கினரே!

மகளின் திருமணத்திற்கென வீட்டை விற்பவர், குறைந்த செலவில் முகப்பைச் சீர்செய்ய விழைவது இயல்பே. முற்றத்துக் குப்பையை அகற்றுக. பாசியையும் உரிந்த பழஞ்சுண்ணாம்பையும் சுரண்டுக. நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, சிறிது பசை கலந்து, நனைத்த சுவரில் மெல்லியதாய் இருமுறை பூசுக. கெட்டியாய்ப் பூசினால் உரிந்துவிடும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம்மூர்ப் பூட்டு வாசற்கதவில் இருப்பின், அதற்கும் சில துளி எண்ணெய் விடுக.

ஆனால் கசிவை வண்ணத்தால் மறைக்கலாகாது. ஈரம் உள்ளவரை உப்பு மீண்டும் பூக்கும். வாங்குபவர் சாதாரண கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறையை, அதை அறிந்த விற்பவர் தெரிவித்தல் கடமையென 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு கூறுகின்றது. மறைத்தலை வஞ்சகம் என்கின்றது. வெள்ளையடித்த கல்லறைகளைக் குறித்து நம் ஆண்டவர் எச்சரித்ததும் இதனையன்றோ?

உண்மையுரைத்தால் விலை சற்றுக் குறையலாம். ஆயினும், திருப்பலியில் அக்குடும்பத்தாரைக் கண்டு சமாதானம் கூறுகையில் நம் தலை தாழாது.