ஏற்காட்டில் முளைத்த ஆறு எஃப்

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு பஸ்ஸில் இறங்கிவந்து கம்ப்யூட்டர் படிக்கும் வாசகி எழுதுகிறார்: ‘சி மொழியில் எங்கள் ஊர்ப் பெயரை பைட் பைட்டாக ஹெக்ஸில் அச்சிட்டேன். ஆங்கிலத்தில் கொடுத்தால் சரியாக வருகிறது. தமிழில் கொடுத்தால் ஒவ்வொரு பைட்டுக்கு முன்னாலும் ஆறு எஃப். தமிழ் இதற்கு ஆகாதா?’

தமிழ் மேல் பழி போடாதீர்கள்.

‘ஏற்காடு’ நமக்கு நான்கெழுத்து. யூனிகோடுக்கோ ஏழு குறிகள். புள்ளியும் காலும் உகரக் குறியும் தனித்தனி. யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட், ஆக 21. ‘ஏ’ என்பது 224, 174, 143. ஹெக்ஸில் ஈ0, ஏஈ, 8எஃப். ஆங்கில எழுத்துகள் 128-க்குக் கீழேயே அடங்கிவிடும். தமிழ் பைட் ஒன்றுகூட அடங்காது.

அங்கேதான் வேடிக்கை. 128-ஐத் தொட்ட பைட்டின் முதல் பிட் 1; சி-யின் சைன்ட் கேர் என்ற வகை அதைக் கழித்தல் எண்ணாகப் படிக்கும்: 224 என்பது -32 ஆகும். பிரிண்ட்எஃப்பிடம் போகும்போது 8 பிட் 32 ஆக விரிகிறது. என் பெரியப்பா காப்பித் தோட்டத்துக் கணக்கர். எடைச் சீட்டில் இடப்பக்கம் காலியாக உள்ள கட்டங்களைப் பூஜ்ஜியம் போட்டு அடைத்துவிடுவார், யாரும் இலக்கம் சொருகிவிடக் கூடாதென்று. சி-யும் அடைக்கிறது, ஆனால் முதல் பிட் எதுவோ அதை வைத்து. 24 ஒன்றுகள்; நான்கு ஒன்று சேர்ந்தால் ஒரு எஃப். ஆறு வந்துவிட்டதா?

கேர் சைன்டா அன்சைன்டா என்பதைச் சி-யின் தரநிலை கம்பைலரிடமே விட்டுவிட்டது. டென்னிஸ் ரிட்சி 1970-களில் சி-யை வளர்த்த பிடிபி-11 இயந்திரம் பைட்டை ரெஜிஸ்டருக்கு ஏற்றும்போதே இப்படி நீட்டிவிடும். நம் மேசைக் கணினிகளில் இன்றும் பெரும்பாலும் சைன்ட்தான். அதே புரோகிராமை லினக்ஸ் ஓடும் ராஸ்பெரி பையில் கம்பைல் செய்து ஓட்டிப் பாருங்கள், எஃப் எதுவும் வராது.

வழி எளிது. அன்சைன்ட் கேர் என்று அறிவித்து, சதவீதக் குறிக்கும் எக்ஸுக்கும் நடுவே 02 போடுங்கள். 02 இல்லாவிட்டால் 10 என்ற பைட் ஒற்றை ஆங்கில ‘ஏ’யாக வரும், பைட்டுகளை ஒட்டி அச்சிட்டால் எது எங்கே முடிகிறதென்று தெரியாது. கடைசி இரண்டு எழுத்தை மட்டும் வெட்டியெடுத்துச் சமாளிப்பவர்களும் உண்டு. வேண்டாம்.

நம் ஆய்வக ரெக்கார்டு நோட்டுகளில் ஆங்கில ‘ஹலோ’வைத் தவிர வேறு சொல்லை வைத்து யார் சோதிக்கிறார்கள்? தமிழில் ஊர்ப் பெயரைக் கொடுத்ததால்தான் இது அச்சிலேயே அகப்பட்டது. அதே கேரை 256 இடமுள்ள அட்டவணைக்குச் சுட்டெண்ணாக வைத்திருந்தால், புரோகிராம் -32ஆம் இடத்தைத் தேடி அட்டவணைக்கு வெளியே போயிருக்கும். ஒரு எஃப்கூடக் காட்டிக்கொடுத்திருக்காது.