குளவி வேடமிட்ட ஈயும் கைப்பேசிப் படமும்

மழை ஓய்ந்து செடிகள் பூத்துக் கிடக்கும் மாதங்களில், புனேயின் பாணேர்–பாஷாண் குன்றுப் பக்கம் படமெடுப்போர் ‘குளவி’ என்று குறித்து வைக்கும் பூச்சிகளுள் சில, கொடுக்கே இல்லாத ஈக்களாக இருக்கக்கூடும். பூவின் முன் அந்தரத்தில் அசையாமல் நிற்கவல்ல இவற்றை வேளாண் துறையினர் சிர்ஃபிட் ஈ என்பர். உலகெங்கும் ஏறத்தாழ 6,000 இனங்கள் கொண்ட இக்குடும்பத்தில் பல, குளவியின் மஞ்சள்–கருப்புப் பட்டையைச் சூடிப் பறவைகளிடமிருந்து தப்புகின்றன. தீங்கற்ற உயிர் தீங்குள்ளதன் தோற்றத்தைக் கொள்ளும் இவ்வியல்பு, 1862இல் அதை விளக்கிய ஹென்றி பேட்ஸின் பெயரால் பேட்சியப் போலித்தோற்றம் எனப்படுகிறது.

ஆகவே பட்டையை நம்பிப் பெயர் வைப்பவர், பறவை ஏமாந்த இடத்திலேயே தாமும் ஏமாறுகிறார். நிறமோ நிலையானதன்று, எபிசிர்ஃபஸ் பால்டியேட்டஸ் என்னும் இனம் கூட்டுப்புழுப் பருவத்தைக் குளிரில் கழித்தால் கருமை மிகுந்து வெளிவரும். ஈக்கு இரண்டு சிறகு, குளவிக்கு நான்கு என்னும் பாடநூல் விதியும் படத்தில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை, ஏனெனில் குளவியின் முன்சிறகும் பின்சிறகும் நுண்கொக்கிகளால் பிணைந்து ஒன்றாகவே தோன்றும். குட்டையான உணர்கொம்பு ஈயைக் காட்டிக்கொடுக்கும் என்றால், செரியானா, மோனோசெரோமையா ஆகிய பேரினங்களில் நெற்றியிலிருந்து நீளும் காம்பின்மேல் உணர்கொம்பு அமைந்து, குளவியினுடையதைப் போலவே நீண்டு தெரிகிறது. சிறகின் முன்பாதியும் கறுத்து, குளவி ஓய்விலிருக்கையில் நீளவாக்கில் மடித்து வைக்கும் சிறகை அப்படியே ஒத்திருக்கிறது.

வேடம் எட்டாத இடம் சிறகின் நடுப்பகுதி. அங்கே, பிற நரம்புகளோடு சேராமல் தொடங்கி முடியும் மெல்லிய மடிப்பு ஒன்று உண்டு. பொய் நரம்பு எனப்படும் இது ஏறக்குறைய எல்லாச் சிர்ஃபிட் ஈக்களிலும் காணப்படும், குளவியைப் போலவே தோன்றும் கோனோபிட் ஈக்களில் இராது. முதுகுப்புறத்தை மட்டும் எடுத்த படத்தைவிட, ஒளி ஊடுருவும் சிறகும் பக்கவாட்டில் முகமும் தெரியும் படங்களே பயன்படும்.

அப்போதும் பல இனங்களைப் பிரித்தறிய ஆணின் இனப்பெருக்க உறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தாக வேண்டும். தொழிலால் இசைக்கலைஞரான என்ரிகோ புருனெட்டி 1923இல் இந்தியச் சிர்ஃபிட் ஈக்களைத் தொகுத்து வெளியிட்ட நூலும், புனேயை அடுத்த ஆகுர்டியிலுள்ள இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மேற்கு மண்டல மையம் போன்ற நிறுவனங்களும் ஊசியில் குத்திப் பாதுகாத்த உடல்களையே ஆதாரமாகக் கொள்பவை. படத்திலிருந்து ‘செரியானா’ என்று பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வது அரைகுறை வேலையன்று.