ஆம்போடெரிசின் ஊசி: கூட இருப்பவர் கவனிக்க வேண்டியவை

2021-ஆம் ஆண்டு கொரோனா இரண்டாம் அலையில் 'ஆம்போடெரிசின்-பி' கேட்டு எத்தனை வாட்ஸ்அப் தகவல்கள் வந்தன என்பது உங்களுக்கு நினைவிருக்கும். கரும்பூஞ்சை நோய்க்கான முக்கிய மருந்து அது. கொரோனா போனாலும் அந்த நோய் போகவில்லை. கட்டுப்படாத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இன்றும் வருகிறது. உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த ஊசி எழுதினால் என்ன செய்வது?

முதலில் பெயரை முழுசா படியுங்க. இதில் சாதாரண வகை ஒன்று, 'லிப்போசோமல்' என்பது இன்னொன்று. இரண்டுமே 50 மி.கி. குப்பியில் வரும், ஆனால் அளவு வேறு. 60 கிலோ எடையுள்ளவருக்கு கரும்பூஞ்சைக்கு லிப்போசோமல் வகை தினமும் சுமார் 300 மி.கி., அதாவது ஆறு குப்பி தேவைப்படும். சாதாரண வகையோ ஒரு நாளைக்கு 90 மி.கி.யைத் தாண்டவே கூடாது. மாறிப்போனால் இதயமே நின்றுவிடலாம். மருத்துவமனை வெளியில் வாங்கச் சொன்னால், பில்லோடு மருந்துக்கடையில் மட்டும் வாங்குங்க. டாக்டர் சீட்டையும் குப்பியின் லேபிளையும் போனில் படம் எடுத்து, "இதுதானே சிஸ்டர்?" என்று கேளுங்க. கேட்பதில் தப்பே இல்லை. குளிர்ச்சியில் வைக்க வேண்டுமா என்பதையும் லேபிளில் பாருங்க.

மருந்தை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில்தான் கலப்பார்கள். உப்பு குளுக்கோஸில் கலந்தால் திரிந்துவிடும். சர்க்கரை நோயாளிக்கு ஏன் குளுக்கோஸ் என்று பதற வேண்டாம், சர்க்கரை அளவை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஊசி சில மணி நேரம் மெதுவாக ஏறும். "சீக்கிரம் முடிச்சிடுங்க" என்று அவசரப்படுத்தாதீங்க, சொட்டு வேகத்தை நீங்களும் மாற்றாதீங்க. ஏறும்போது குளிர், உதறல், காய்ச்சல் வருவது உண்டு. போர்வையைப் போர்த்திவிட்டுச் சும்மா இருக்காமல் உடனே நர்ஸிடம் சொல்லுங்க. மூச்சு வாங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது.

பெரிய கவலை சிறுநீரகம்தான். கிரியாட்டினின், பொட்டாசியம், மக்னீசியம் ஆகிய இரத்தப் பரிசோதனைகளை அடிக்கடி எடுப்பார்கள். தேதியோடு அந்த எண்களைப் போனில் குறித்து வையுங்க. வேறு மருத்துவமனைக்கு மாற்றும்போது ரொம்ப உதவும். சிறுநீர் குறைந்தாலோ, கால் பிடித்து இழுத்தாலோ, நெஞ்சு படபடத்தாலோ டாக்டருக்குத் தெரியணும். வலிக்கிறதே என்று டைக்ளோபினாக், புரூபென் போன்ற மாத்திரைகளைக் கடையில் வாங்கிக் கொடுக்காதீங்க.

ஊசி முடிந்தபின் பெரும்பாலும் மாத்திரை தொடரும். முகவீக்கம் வடிந்துவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் பூஞ்சை திரும்ப வரலாம்.

மருந்தால் பக்கவிளைவு வந்தால் நோயாளியோ குடும்பத்தாரோ நேரடியாகப் புகார் பதியலாம்: 1800 180 3024, கட்டணமில்லை. சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108.