குனியச் சொல்லி முதுகைப் பாருங்கள்

பத்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் தாமே குளித்து, தாமே உடுத்திக்கொள்கிறார்கள். அதன்பிறகு அவர்களின் முதுகை வீட்டில் யாரும் பார்ப்பதில்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளையும் ‘ஸ்கோலியோசிஸ்’ பெரும்பாலும் தலைகாட்டுவது அந்த வயதில்தான். பல பிள்ளைகளுக்கு வலியும் இருக்காது. அதனால் நம் கண்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பிள்ளையை நேராக நிற்க வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒரு தோள் உயர்ந்திருக்கிறதா? ஒரு தோள்பட்டை எலும்பு மட்டும் துருத்துகிறதா? இடுப்பின் வளைவு இருபுறமும் ஒன்றுபோல் இருக்கிறதா?

அடுத்து, பாதங்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், கைகளைத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லுங்கள். வளையும் முதுகெலும்பு கூடவே முறுக்கிக்கொள்வதால் ஒரு பக்கத்து விலா எலும்புகள் பின்னுக்குத் தள்ளப்படும். குனிந்த முதுகில் அது மேடாகத் தெரியும். ஆங்கிலேய அறுவை மருத்துவர் வில்லியம் ஆடம்ஸ் 1865-ல் விவரித்த சோதனை இது. இன்றும் மருத்துவர்கள் இதில்தான் தொடங்குகிறார்கள். மேட்டின் சாய்வை ‘ஸ்கோலியோமீட்டர்’ என்ற சிறு கருவியால் அளப்பார்கள். அது 5 முதல் 7 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

கால்களின் நீளத்தையும் பார்ப்பார்கள். ஒரு கால் குட்டையாக இருந்தாலும் முதுகு வளைந்ததுபோலத் தோன்றும். தோலில் காபி நிறத் திட்டுகள், அடிமுதுகில் முடிக்கற்றை, கால்களில் பலக்குறைவு இருந்தால் வேறு காரணத்தைத் தேடுவார்கள். அப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் தேவைப்படலாம்.

உறுதி செய்வது, நிற்க வைத்து எடுக்கும் எக்ஸ்ரே. வளைவின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் எலும்புகளை ஒட்டிக் கோடுகள் வரைந்து, இடையிலுள்ள கோணத்தை அளப்பார்கள். இதுவே ‘காப் கோணம்’. 10 டிகிரியோ அதற்கு மேலோ இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ். இடுப்பெலும்பின் முதிர்ச்சியைப் பார்த்து, பிள்ளை இன்னும் எவ்வளவு வளரும் என்றும் கணிப்பார்கள். வளர்ச்சி மிச்சமிருந்தால் வளைவும் கூடக்கூடும். வளரும் பிள்ளைக்கு 25 டிகிரியை எட்டினால் பெல்ட் போன்ற ‘பிரேஸ்’ பற்றிப் பேசுவார்கள். 10-ஐ ஒட்டிய சிறு வளைவுக்குப் பெரும்பாலும் கண்காணிப்பே போதும்.

புத்தகப்பை சுமந்ததாலோ கூனி உட்கார்ந்ததாலோ இது வருவதில்லை. ஆகவே பிள்ளையைக் கடிந்துகொள்ள வேண்டாம். வளரும் வயதில் அவ்வப்போது ஒரு நிமிடம் முதுகைப் பாருங்கள். பிரேஸ் பலன் தருவது வளர்ச்சி முடிவதற்குள்தான்.