மேசை மேல் ஒரு பீரங்கியும் ஆறு ஆட்களும்

சதுரங்கம் என்ற சொல்லுக்கு நால்வகைப் படை என்று பொருள். தேர், யானை, குதிரை, காலாள் ஆகிய நான்கும் மரக்காய்களாகிக் கட்டங்களுக்குள் மோதுகிற அந்த ஆட்டம் நம் நாட்டில் பிறந்தது என்பதை இம்மலரைப் படிக்கும் பிள்ளைகளும் அறிவார்கள். அது ஐரோப்பா போய்ச் சேர்ந்து, பல நூற்றாண்டுகளுக்குப் பின் அங்கே ஒரு புதுக் கிளை விட்டது. 1780இல் ஜெர்மனியின் பிரன்ஸ்விக்கில் ஹெல்விக் என்பவர், கட்டங்களை ஆயிரத்துக்கு மேலாகப் பெருக்கி, அவற்றில் மலை, ஆறு, சதுப்பு நிலம் எல்லாம் வகுத்தார். 1824இல் பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் கட்டங்களையே தூக்கி எறிந்துவிட்டு, அளவு பிசகாத நிலப்படத்தின் மேல் படைக்காய்களை நகர்த்தச் செய்தார். போரில் அதிர்ஷ்டத்துக்கும் பங்குண்டு என்பதால் பகடையையும் சேர்த்துக்கொண்டார். இதிலிருந்து வளர்ந்ததே வார்கேம் என்று இன்று சொல்லப்படும் போர் விளையாட்டு.

வீட்டுக் கூடத்துக்கு இதைக் கொண்டுவந்து பலரும் அறியச் செய்தவர் ஆங்கில நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ். 1913இல் அவர் எழுதிய ‘லிட்டில் வார்ஸ்’ என்ற சிறு நூலில் ஒரு விதி வருகிறது. பொம்மைப் பீரங்கி சுட வேண்டுமானால், அதைச் சுற்றி 6 அங்குலத்துக்குள் தன் தரப்பு ஆட்கள் நால்வராவது நிற்க வேண்டும். நால்வர் இல்லையென்றால் பீரங்கி வெறும் இரும்பு. எனக்கு இந்த விதி ரொம்பப் பிடிக்கும். வண்டிக்கும் குழாய்க்கும் நாள் கணக்கில் வர்ணம் தீட்டிவிட்டு, ஆட்களுக்கு அவசர அவசரமாகக் காக்கி பூசி நிறுத்துகிறவர்கள் மிகுதி. பார்க்கிறவன் கண் முதலில் போவதோ ஆளின் முகத்துக்குத்தான்.

எடுத்துக்காட்டாக ஒரே பீரங்கியை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ், இந்தியப் படைகள் பயன்படுத்திய 25 பவுண்டர். குண்டின் எடை சுமார் 25 பவுண்டு, அதனால் அந்தப் பெயர். குழாயின் உள்விட்டம் 87.6 மில்லிமீட்டர். குண்டு போய் விழக்கூடிய அதிக தூரம் 13,400 கெஜம், அதாவது 12 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சக்கரங்களுக்கு அடியில் ஒரு வட்டத் தட்டு உண்டு. அதை இறக்கி அதன் மேல் பீரங்கியை ஏற்றிவிட்டால் எந்தத் திசைக்கும் சட்டென்று திருப்பலாம். வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் எதிரி டாங்கிகள் எந்தப் பக்கமிருந்து வரும் என்று சொல்ல முடியாத நிலையில் அந்தத் தட்டு பெரிய துணை. தொலைதூரத்துக்குச் சுடவென்று செய்த பீரங்கியை, டாங்கிகளை நேருக்கு நேர் சுடவும் அங்கே நிறுத்தினார்கள். டாங்கிகளை எதிர்க்கவென்றே இருந்த 2 பவுண்டர் போதவில்லை.

இதில் நமக்கு ஓர் உறவும் இருக்கிறது. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர், சில மலைப் பீரங்கிப் படைகள் நீங்கலாக, இந்தியர் கையில் பீரங்கியைக் கொடுக்கவில்லை. 1935இல்தான் பெங்களூரில் முதல் இந்தியக் களப் பீரங்கிப் படை எழுப்பப்பட்டது. ஏழே ஆண்டுகளில், 27 மே 1942 அன்று, லிபியாவில் பீர் ஹக்கீமுக்குத் தென்கிழக்கே 171 என்று எண்ணிட்ட இடத்தில் 3வது இந்திய மோட்டார் பிரிகேடுடன் 2வது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமென்ட் நின்றது. காலையில் இத்தாலியரின் அரியேத்தே கவசப் பிரிவு டாங்கிகளோடு வந்து மோதியது. பிரிகேடு முறிந்தது. அந்த ரெஜிமென்டில் அதிகாரியாக இருந்து, தீரச் செயலுக்கான டி.எஸ்.ஓ. விருது பெற்று, போர்க் கைதியாகவும் பிடிபட்டவர் நம் கொங்கு நாட்டுக் குமாரமங்கலம் ஜமீன் குடும்பத்தைச் சேர்ந்த பி.பி. குமாரமங்கலம். 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைத் தலைமைத் தளபதியாக இருந்தவர் அவரேதான். சென்னை மாகாண முதன்மந்திரியாக இருந்த டாக்டர் சுப்பராயனின் மகன்.

கடையில் கிடைக்கும் 25 பவுண்டர் பெட்டிகளின் அட்டைப் படத்திலோ பெரும்பாலும் சிவந்த முகத்து ஆங்கிலச் சிப்பாய்களே இருப்பார்கள். அட்டையைப் பார்த்து அப்படியே தீட்டினால் 171இல் நின்றவர்கள் மறைந்துபோவார்கள். ஆகவேதான் வர்ணம் தொடுவதற்கு முன்னால் எந்தப் படை, எந்த மாதம், எந்த இடம் என்ற மூன்றையும் முடிவு செய்துகொள்ளுங்கள் என்கிறேன்.

இனி அளவு. மேசைப் போருக்கு 1/72, 1/76 என்ற அளவுகள் நெடுநாளாக வழக்கில் உள்ளன. இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் கம்பெனி 1960களிலேயே 25 பவுண்டரையும் அதை இழுக்கும் குவாட் வண்டியையும் ஒரே பெட்டியில் 1/76இல் விற்றது. 1/72இல் ஆறடி மனிதன் 25 மில்லிமீட்டர், பீரங்கி சுமார் 6 சென்டிமீட்டர், குழாயின் துளை 1.2 மில்லிமீட்டர். ஆனால் இதே கணக்கைத் தூரத்துக்கும் போட்டால் 12 கிலோமீட்டர் வீச்சு மேசை மேல் 170 மீட்டர் ஆகிவிடும்! கூடத்தில் சுட்டால் தெருக்கோடியில் போய் விழும். ஆகையால் பொம்மையின் அளவு வேறு, நிலத்தின் அளவு வேறு என்று விதிநூல்கள் பிரித்துவிடுகின்றன. பல ஆட்டங்களில் ஒரு பொம்மைப் பீரங்கி நான்கு நிஜப் பீரங்கிகளுக்குச் சமம்.

பிளாஸ்டிக் பாகங்களை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும். அச்சிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வர்ணம் உரியும். ஓரப் பிசிறுகளை பிளேடால் சுரண்டுங்கள். ஈயம் கலந்த பழைய உலோகப் பொம்மை என்றால் சுரண்டிய தூளைத் துடைத்துக் கையையும் கழுவ வேண்டும். சின்னக் குழந்தைகளிடம் அதைக் கொடுக்கவே கூடாது. பீரங்கியின் கேடயத் தகட்டைத் தனியாகத் தீட்டி அப்புறம் ஒட்டுவது நல்லது, ஒட்டிய பிறகு அதன் பின்புறம் தூரிகை நுழையாது. ஆட்களை ஒவ்வொருவராகப் பாட்டில் மூடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டால் விரல் படாது. அடிப்பூச்சுக்கு மோட்டார் வர்ணக் கடையில் கிடைக்கும் சாம்பல் நிற ஸ்பிரே பிரைமர் போதும், மெல்லியதாக அடிக்க வேண்டும். பம்பாய், கல்கத்தா போன்ற ஊர்களில் மழைக்காலத்தில் அடித்தால் ஈரத்தில் வெள்ளையாகப் பூத்துவிடும். தீபாவளி கழியட்டும்.

தூரிகை விஷயத்தில் எங்கள் சமயத்தார்க்கு ஒரு சங்கடம். நுண்ணிய வேலைக்குச் சிறந்தது என்று எல்லா நூல்களும் புகழும் கோலின்ஸ்கி தூரிகை, சைபீரியாவில் வாழும், பார்வைக்கு நம் கீரியைப் போன்ற ஒரு பிராணியின் வால்மயிர். நான் நைலான் தூரிகையே பயன்படுத்துகிறேன். அதன் நுனி சீக்கிரம் வளைந்துவிடும் என்பது உண்மை. வேலை முடிந்ததும் சோப்பு தடவி நுனியைக் கூராக்கி வைத்தால் சில மாதம் கூடுதலாக உழைக்கும். பசையும் அப்படியே. பழைய தச்சர்களின் வச்சிரம் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. 1959இல் வந்த பெவிகால் அந்தக் கவலையைத் தீர்த்தது.

நிறத்துக்கு வருவோம். 1940, 41இல் பாலைவன வண்டிகளுக்குக் கான்டர் முறை என்று சாய்ந்த நேர்க்கோட்டுப் பட்டைகளாக மூன்று நிறம் அடித்தார்கள். அதில் ஒன்றை வான்நீலம் என்று எண்ணி உலகமெங்கும் பொம்மைகளுக்குப் பல ஆண்டுகள் நீலம் பூசினார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள் அது பச்சை சாயல் கொண்ட சாம்பல் என்று காட்டினார்கள். இன்றும் அந்த நீல டாங்கிகள் அலமாரிகளில் இருக்கின்றன! நம்முடைய 1942 மே மாதப் பீரங்கிக்கு இந்தத் தொல்லை இல்லை. வெளிறிய மணற்கல் நிறம் ஒன்றே போதும். அதிலும் பெரிய வண்டிக்கு அடித்த நிறத்தை அப்படியே சிறு பொம்மைக்கு அடித்தால் கறுத்துத் தோன்றும். சிறிது வெள்ளை கலந்து வெளுக்கச் செய்யுங்கள்.

அது காய்ந்ததும் கரும்பழுப்பு வர்ணத்தை நிறையத் தண்ணீரும் ஒரு துளி சோப்பும் கலந்து மேலே ஓடவிட்டால், இடுக்குகளில் தேங்கி நிழலாக நிற்கும். இதை வாஷ் என்பார்கள். பிறகு வெளிர் நிறத்தைத் தூரிகையில் எடுத்து, தாளில் துடைத்துத் துடைத்து, ஏறக்குறைய வர்ணமே இல்லை என்ற நிலையில் மேடுகளின் மேல் லேசாக உரச வேண்டும். இது டிரை பிரஷ். இந்த இரண்டையும் அறிந்தவனுக்கு மற்றதெல்லாம் பொறுமைதான். டயருக்குக் கறுப்பு வேண்டாம், புழுதி படிந்த சாம்பல் பூசுங்கள்.

ஆறு ஆட்களுக்கும் ஆளுக்கொரு வேலை உண்டு. 1ஆம் எண் தலைவர், பின்னால் நின்று கட்டளை இடுபவர். 2ஆமவர் வலப்புறம், குண்டு நுழைக்கும் பின்வாயைத் திறந்து மூடுபவர். 3ஆமவர் இடப்புறம் அமர்ந்து குறிபார்ப்பவர். 4ஆமவர் குண்டை நுழைப்பவர். 5, 6ஆம் எண்கள் குண்டும் மருந்தும் தயார் செய்து நீட்டுபவர்கள். குண்டு வேறு, மருந்து அடைத்த பித்தளைக் கூடு வேறு, தனித்தனியாகவே நுழையும். பெட்டியில் ஆறு பேருக்குக் குறைவாக இருந்தால் வேறு பெட்டியிலிருந்து ஆளை எடுத்து, கையைச் சிறிது வெட்டித் திருப்பி ஒட்டிக்கொள்ளலாம். நிற்கிற இடம் சரியாக அமைந்தால்தான் அது வேலை செய்கிற குழுவாகத் தெரியும். இல்லாவிட்டால் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம்!

முகத்துக்குக் கரும்பழுப்பு அடியிட்டு, மூக்கு, கன்னம், நெற்றியில் வெளிர்பழுப்பு. ஆறு பேருக்கும் ஒரே பழுப்பைப் பூசாதீர்கள், நம் ஊர் ரயில் பெட்டி ஒன்றைப் பார்த்தாலே போதும். கண் எழுத முயல வேண்டாம், புருவ நிழலே கண்ணாகத் தெரியும். சீக்கியருக்குத் தலைப்பாகை. எந்தப் பேட்டரியில் எந்தப் பகுதி ஆட்கள் சேர்க்கப்பட்டார்கள் என்பதைப் படைவரலாற்றில் தேடிவிட்டு அப்புறம் தலையைத் தீட்டுங்கள். காக்கிச் சட்டையும் அரைக்கால் சட்டையும் வெயிலில் வெளுத்தவை, சட்டைக்குச் சட்டை சாயல் மாற வேண்டும்.

“அஹிம்சை பேசுகிறவர் பீரங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்?” என்று சங்கத்து நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. யசோதர காவியம் எங்கள் நூல். மாவினால் செய்த கோழியைப் பலியிட்ட அரசனும், அதைச் செய்யத் தூண்டிய தாயும் பல பிறவி விலங்குகளாய்ப் பிறந்து உழல்வதே அதன் கதை. கோழி பொய், வெட்டிய எண்ணம் மெய். அந்த அளவுகோலால் பார்த்தால் பொம்மைப் போரும் தப்பாது. வெல்ஸ் சொல்வது வேறு: சின்னப் போரை ஆடிப் பார்த்தவனுக்குப் பெரிய போர் எத்தனை பெரிய மடமை என்று விளங்கும் என்கிறார். அவர் எழுதிய மறு ஆண்டே பெரிய போர் வந்தது என்பதையும் மறக்க முடியாது. நான் தீட்டுவதோடு சரி, பகடை உருட்டுவதில்லை. யாரையும் வீழ்த்தும் எண்ணத்தோடு தூரிகை எடுப்பதும் இல்லை. ஆறு பேர் எங்கே நின்றார்கள் என்று அறிவதில் ஹிம்சை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆடுகிற பிள்ளைகளைத் தடுக்கவும் மாட்டேன். வேறுவிதமாக நினைப்பவர்களோடு எனக்கு வழக்கு இல்லை.

கடைசியாக அடித்தட்டு. பீரங்கியையும் ஆட்களையும் ஒரே தட்டில் ஒட்டுவதே வழக்கம், எடுத்து நகர்த்தவும் தூரம் அளக்கவும் எளிது. 3 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். பலகையில் 8 சென்டிமீட்டர் வட்டம் வெட்டி, விளிம்பை உப்புத்தாளால் சரிவாகத் தேயுங்கள். பாலைவனம் என்றதும் ஜெய்சல்மர் மணல்மேடு நினைவுக்கு வரும். பீர் ஹக்கீம் பக்கம் அப்படியல்ல, கட்டாந்தரையும் சரளையும் அங்கங்கே முட்செடியுமான நிலம். பெவிகாலில் தண்ணீர் கலந்து பூசி, சலித்த மணலைத் தூவ வேண்டும். சலிப்பது அவசியம், ஏனென்றால் 3 மில்லிமீட்டர் பருக்கை இந்த அளவில் ஒரு சாண் கல். அப்படி நாலைந்து கற்கள் போதும், மீதி எல்லாம் பொடி. சிலர் ரவை தூவுகிறார்கள். எறும்பும் வண்டும் வரும், பொம்மைக்கும் கேடு, அவற்றுக்கும் கேடு.

மணல் காய்ந்ததும் பழுப்பு, அதன் மேல் மணல் நிறம் டிரை பிரஷ், கடைசியில் தந்த நிறம் மிக லேசாக. அதே மணல் நிறத்தைச் சக்கரங்களிலும் பூட்ஸ் காலிலும் தொட்டுவிட்டால் பீரங்கி நிலத்தில் பதிந்து நிற்கும். இல்லாவிட்டால் தட்டில் வைத்த பலகாரம் மாதிரி தெரியும். கோணிச் சாக்கின் நாரை 4 மில்லிமீட்டருக்கு நறுக்கிக் கொத்தாக ஒட்டிச் சாம்பல் கலந்த பச்சை தொட்டால் முட்செடி. சுட்டுப்போட்ட பித்தளைக் கூடுகளுக்கு 1.2 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியை 4 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கினால் கணக்கு அப்படியே பொருந்துகிறது. பாத்திரக் கடைக்காரனான எனக்கு இதில் தனி சந்தோஷம், வர்ணமே வேண்டாம், அசல் பித்தளை. ஒரு முனையை மட்டும் கறுப்பாக்குங்கள், மருந்து எரிந்த வாய் அது. ஏழெட்டுத் துண்டுகளைப் பீரங்கியின் பின்னால் ஒழுங்கில்லாமல் சிதறவிட வேண்டும்.

மங்கல் வார்னிஷ் ஒரு பூச்சு கொடுத்து இரண்டு நாள் காயவிடுங்கள். பிறகு தட்டைத் திருப்பி, அடியில் மெல்லிய பேனாவால் எழுதிவையுங்கள்: 2வது இந்தியக் களப் பீரங்கி ரெஜிமென்ட், 171, 27.5.1942.