வானத்துத் தராசு சரிதானா?

பால்காரரின் உழக்கை வீட்டு உழக்கோடு ஒரு தரமாவது ஒத்துப் பார்க்காத இல்லத்தரசி உண்டா? போன வருஷம் சரியாக இருந்த உழக்கு இந்த வருஷம் நெளிந்திருக்கலாம் அல்லவா? வானத்தில் சுற்றும் விண்கலத்துக்கும் இதே விதிதான்!

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் வெள்ளிமலைக்குப் போகிறவர்கள் பாதையில் நின்று திரும்பிப் பார்த்தால், சில நாட்களில் சமவெளியின்மேல் சல்லாத்துணி விரித்தாற்போல ஒரு மங்கல் தெரியும். பனியோடு தூசியும் புகையும் கலந்த மங்கல் அது. பத்து வருஷத்தில் அது கூடியதா, குறைந்ததா? கண்ணால் சொல்ல முடியாது. மலைதோறும் ஊர்தோறும் கருவி வைப்பதும் லேசான காரியமல்ல.

அங்கேதான் விண்கலம் உதவிக்கு வருகிறது. அமெரிக்காவின் நாசா 1999-ல் 'டெர்ரா'வையும் 2002-ல் 'ஆக்வா'வையும் ஏவியது. இரண்டிலும் 'மோடிஸ்' என்ற ஒரே ரகக் கருவி. சுமார் 705 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, காற்றிலுள்ள தூசியும் புகையும் வெளிச்சத்தை எவ்வளவு சிதறடிக்கின்றன என்று அது கணக்கிட்டது.

ஆனால் ஒரு விந்தை! நிலப்பரப்பின்மேல் மாசு வரவரக் குறைவதாக டெர்ரா காட்டியது. ஆக்வா அப்படிக் காட்டவில்லை. ஒரே உலகம், ஒரே ரகக் கண், இரண்டு பதில்! யாரை நம்புவது?

மூன்றாவது சாட்சியை அழைத்தார்கள். 'ஏரோநெட்' என்ற உலகளாவிய அமைப்பின் தரைக் கருவிகள் சூரியனை நேருக்கு நேர் பார்த்து, வழியில் எவ்வளவு ஒளி குறைந்தது என்று அளக்கின்றன. நம் நாட்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் 2001 முதல் அப்படி ஒன்று உண்டு. இந்தக் கருவிகளுக்கும் பரீட்சை உண்டு. அவற்றை மூலக் கருவிகளோடு ஒத்துப் பார்ப்பார்கள். அந்த மூலக் கருவிகளையோ, காற்றுச் சுத்தமான ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலைமேல் சரிபார்ப்பார்கள்.

2010-ல் ராபர்ட் லெவியும் அவர் தோழர்களும் முடிவை வெளியிட்டார்கள். டெர்ரா 2004-க்கு முன் சற்றுக் கூடுதலாகவும், பின் சற்றுக் குறைவாகவும் அளந்திருந்தது. கருவியின் அளவில் நூற்றுக்கு 2-க்கும் குறைவான பிசகு போதும், இல்லாத முன்னேற்றம் இருப்பதாகத் தோன்ற! பிற்பாடு கணக்கைத் திருத்தினார்கள்.

திருத்தாமல் விட்டிருந்தால்? "புகைதான் குறைகிறதே" என்று எல்லோரும் அயர்ந்திருக்கலாம்; குழந்தைகளின் மூச்சு அல்லவா அதற்கு விலை கொடுக்கும்?

இன்னொன்றும் நினைவிருக்கட்டும். விண்கலம் பார்ப்பது தரையிலிருந்து வானம் வரையுள்ள காற்று முழுவதையும். விறகடுப்பின் முன் குனிந்து ஊதும் பெண்ணின் நெஞ்சுக்குள் போகும் புகையை அது தனியே சொல்லாது. அதற்கு மூக்கின் மட்டத்தில் வைத்த கருவிதான் வேண்டும்.

ஆகவே, சகோதரிகளே, "காற்று சுத்தமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், "எதோடு ஒத்துப் பார்த்தீர்கள்?" என்று தயங்காமல் கேளுங்கள்!